எலி மருந்து வைக்கும் வீட்டில் நாயும் பூனையும்

சமையலறை சிங்க்குக்கு அடியில் எலி மருந்தை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் நாய்க்கு எட்டாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாய்க்கு எட்டாதுதான். எலிக்கு எட்டுமே! எலி கிடைத்ததையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகிற பிராணி இல்லை. ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போய் சோபாவுக்குப் பின்னாலோ, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியிலோ, நாய் படுக்கிற சாக்குக்குப் பக்கத்திலோ ஒளித்துவைக்கும். மருந்து தின்ற எலியும் சும்மா இருக்காது. தள்ளாடிக்கொண்டு பட்டப்பகலில் கூடத்துக்கு வரும். அதைப் பிடிக்கப் பூனைக்கு ஒரே தாவல் போதும். அதனால் மருந்தை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கும்போதே, வைத்த மருந்து அங்கிருந்து எங்கெல்லாம் போகும் என்றும் யோசித்துவிட வேண்டும்.

முதலில் வந்திருப்பது யார் என்று பாருங்கள். மூக்கு நீண்டு, கீச்கீச்சென்று சுவரோரமாக ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சிகளைத் தின்று பிழைப்பது. அதற்கு மருந்து வைப்பது வீண். கதவிடுக்கை அடைத்தால் போதும். சுண்டெலியின் புழுக்கை அரிசி மணி அளவுகூட இருக்காது. வீட்டு எலியுடையது ஒரு சென்டிமீட்டருக்குமேல் இருக்கும். தோட்டத்தில் மண்ணைக் குவித்துப் பெரிய வளை தோண்டியிருந்தால் அது பெருச்சாளி.

மருந்தே இல்லாமல்

நாய், பூனை வளர்க்கும் வீட்டுக்கு எலி வருவதற்குப் பாதிக் காரணம் அவற்றின் சாப்பாட்டுத் தட்டுதான். ராத்திரி முழுக்கத் தட்டில் கிடக்கும் பெடிகிரியும் தயிர்ச் சோறும் எலிக்கு நித்திய விருந்து. சாப்பாடு வைத்து 20 நிமிடத்தில் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். தீனி மூட்டையை அப்படியே மூலையில் சாய்த்து வைக்காமல் மூடியுள்ள எவர்சில்வர் டிரம்மில் கொட்டி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவை எலி ஒரே ராத்திரியில் குடைந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையில் கொட்டிக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும். வருடாந்திரத் தடுப்பூசியில் அதற்கான லெப்டோ மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓட்டைகள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். ஒரு பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். சின்க் குழாய், ஏசி குழாய், கேஸ் குழாய் சுவருக்குள் போகும் இடங்களில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் சிமென்ட் காய்வதற்குள் எலி அதைச் சுரண்டிவிடும். ஜன்னலுக்கும் வென்டிலேட்டருக்கும் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரும்பு வலை அடியுங்கள். கொசுவலை இதற்கு ஆகாது.

பொறிகளில் கம்பிக்கூண்டுதான் செல்லப்பிராணிக்கு ஆபத்துக் குறைந்தது. ஆனால் அதிலும் இரையைப் பார்த்து வைக்க வேண்டும். கருவாடு வைத்தால் எலிக்கு முன்னால் பூனை வந்து கூண்டை உருட்டிக்கொண்டிருக்கும். மசால் வடை வைத்தால் நாய் விடாது. சுட்ட தேங்காய்ச் சில் எலியை இழுக்கும். பூனை அவ்வளவாகச் சீண்டாது. எலி மீசை சுவரில் உரச நடக்கும் பிராணி என்பதால், கூண்டைச் சுவரை ஒட்டி, வாசல் அதன் பாதையைப் பார்க்கும்படி வையுங்கள். முதல் இரண்டு நாள் கதவைக் கட்டிவைத்து இரையை மட்டும் வைத்தால் எலியின் சந்தேகம் தீரும். மூன்றாம் நாள் கதவை அவிழ்த்துவிடுங்கள்.

அடித்து நசுக்கும் மரப்பொறி என்றால் அதைத் திறந்த இடத்தில் வைக்கவே கூடாது. பூனையின் பாத எலும்பை அது ஒடித்துவிடும். ஒரு பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் சுவரோரமாக 5 சென்டிமீட்டர் ஓட்டை போட்டு, ஓட்டையிலிருந்து ஓர் அடியாவது உள்ளே தள்ளிப் பொறியை வையுங்கள். பெட்டிமேல் இரண்டு செங்கல் வைத்துவிட்டால் நாயால் புரட்ட முடியாது.

ஒட்டுப் பலகையை எந்த வீட்டுக்கும் நாங்கள் சொல்ல மாட்டோம்; பூனைக்குட்டியும் கிளியும் உள்ள வீட்டுக்குச் சுத்தமாக வேண்டாம். தப்பித் தவறி ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், தோலோடு வந்துவிடும். பலகையில் மிச்சமிருக்கும் பசைமேல் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டு, ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, 5 முதல் 10 நிமிடம் நீவிக்கொண்டே இருந்தால் பசை இளகும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் குளிப்பாட்டுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் கூடாது. தோலும் வெந்துபோகும், நக்கினால் நுரையீரலும் கெடும்.

மருந்துதான் என்றால்

கடையில் ‘எலி மருந்து’ என்று கேட்டால் கையில் கிடைப்பது ஒன்றல்ல. ஒவ்வொன்றும் கொல்லும் விதம் வேறு. பெயரைப் படிக்காமல் வாங்காதீர்கள். அட்டையைத் தூக்கியெறியவும் வேண்டாம், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நீலம், பச்சை, சிவப்பு நிறங்களில் வரும் கேக்குகளில் பெரும்பாலும் புரோமாடியோலோன் 0.005% இருக்கும். அதாவது 20 கிராம் கேக்கில் 1 மில்லிகிராம். ரத்தம் உறைவதற்கு உடம்பு வைட்டமின் கே-யைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. அந்தச் சுழற்சியை இது நிறுத்திவிடும். எலி 3 முதல் 7 நாளில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்பதுதான் செல்லப்பிராணி வீட்டுக்கு இதைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம். சில கேக்கில் கசப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள். அதை நம்பி நாயை விட்டுவிடாதீர்கள். லாப்ரடார் கசப்பு தெரிவதற்குள் விழுங்கி முடித்திருக்கும்.

கருஞ்சாம்பல் நிறத் தூளாக வருவது சிங்க் பாஸ்பைடு. இது வயலுக்கு உரியது. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வழக்கமாகப் பொரியிலோ அரிசிக் குருணையிலோ 2% கலந்து வைப்பார்கள். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் போனாலே ஆபத்து என்பதால், 10 கிலோ நாய்க்கு அந்தப் பொரிக் கலவை 10 முதல் 20 கிராம் போதும். ஒரு சின்னக் கைப்பிடி. இதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

தானிய மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டாலே வாயு விடும். வளையில் போட்டு அடைத்தாலும் சுவர் விரிசல் வழியாக வாயு வீட்டுக்குள் வரும். கூண்டுக் கிளிதான் முதலில் சாகும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தன. அடைத்த அறைக்கும் எலி மருந்துக்கும் ஒத்துவராது. மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள பசை தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. யாராவது பழைய டியூப் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சோற்றில் குருணை மருந்து கலந்து வைக்கும் பழக்கம் கிராமப்பக்கம் இருக்கிறது. அது பூச்சிக்கொல்லி, எலியைவிடத் தெருநாயையும் காக்கையையும்தான் அதிகம் கொல்லும்.

ஆக, கேக்கை எப்படி வைப்பது என்று பார்ப்போம். பூட்டுள்ள கெட்டி பிளாஸ்டிக் பெட்டி விற்கிறது. உள்ளே ஒரு கம்பி இருக்கும். கேக்கின் நடு ஓட்டையில் அந்தக் கம்பியைக் கோர்த்துவிட வேண்டும். இதுதான் மிக முக்கியமான வேலை. கோர்த்துவிட்டால் எலி அங்கேயே நின்று கொறித்தாக வேண்டும், தூக்கிக்கொண்டு போக முடியாது. கேக்கை வெறுமனே பெட்டிக்குள் போட்டு மூடுவது, சாவியை வைத்துப் பூட்டி ஜன்னலைத் திறந்துவிடுகிற கதைதான். பெட்டியைச் சுவரில் திருகாணியால் முடுக்குங்கள். தரையில் கிடந்தால் நாய் அதைக் கவ்விக் குலுக்கி மெல்லும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் எழுதி, எத்தனை கேக், எந்தத் தேதி என்று காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து எண்ணுங்கள். 4 வைத்த இடத்தில் 3 இருந்து, நாலாவது துகள்கூட இல்லாமல் காணவில்லை என்றால், அது கிடைக்கும்வரை நாயை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

பரண்மேல் வைத்தால் நாய்க்கு எட்டாது, பூனைக்கு எட்டும். பூனை உள்ள வீட்டில் பெட்டி எங்கே இருந்தாலும் செத்த எலிதான் கவலை. மருந்தின் மிச்சம் எலியின் ஈரலில் தங்கியிருக்கும். ஒரு எலியைத் தின்றதால் பூனை உடனே சாகாது. ஆனால் நாலு நாள் தொடர்ந்து பிடித்துத் தின்னும் பூனைக்கு அது சேரும். அதனால் மருந்து வைத்த நாளிலிருந்து, கடைசி கேக்கை எடுத்த பிறகும் 2 வாரம்வரை பூனையை ராத்திரி வெளியே விடாதீர்கள். இதைச் செய்ய முடியாது என்றால் மருந்து வேண்டாம், கூண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செத்த எலியால் பூனைக்கு மட்டும்தான் ஆபத்து என்றில்லை, தோட்டத்துக்கு வரும் கூகைக்கும்தான்.

தினமும் காலையில் நாயை அவிழ்த்துவிடுவதற்கு முன் கொல்லை, கார் ஷெட், மாடிப்படிக்கு அடி என ஒரு சுற்று பாருங்கள். செத்த எலியைக் கையுறை போட்டு எடுத்து, இரண்டு கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். புதைப்பதானால் 2 அடி ஆழம் வேண்டும். ஒரு ஜாண் குழியை நாய் பத்து நிமிடத்தில் கிளறிவிடும்.

ஆள் வைத்துச் செய்யும்போது

பெஸ்ட் கன்ட்ரோல்காரர்கள் ‘ஹெர்பல் சார், நாய்க்கு ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். எலியைக் கொல்லும் எதுவும் நாய்க்கு ஒன்றும் ஆகாததல்ல. மருந்தின் பெயர், சதவீதம், எத்தனை துண்டு, எந்தெந்த இடம் ஆகியவற்றைத் தாளில் எழுதி வாங்குங்கள். சொல்ல மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். எலிக்கு வந்தவர் கையோடு கரப்பானுக்கும் அடித்துவிட்டுப் போகிறேன் என்றால் இன்னும் உஷார். பெர்மெத்ரின் வகை மருந்து பூனைக்கும் மீனுக்கும் ஆகவே ஆகாது. மீன்தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்று மோட்டாரை நிறுத்தி, பறவைக் கூண்டை வேறு வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள். அடுக்குமாடியில் சங்கம் பொது இடங்களில் மருந்து வைத்தால், அந்த நாட்களில் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். கண்டதைக் கவ்வும் நாய்க்கு வாய்க்கூடு போடுங்கள்.

தின்றுவிட்டால்

தின்றதைப் பார்த்தீர்கள் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். கேக் தின்ற நாய் முதல் 2, 3 நாள் வாலாட்டிக்கொண்டு சாதாரணமாகத்தான் இருக்கும். அதுதான் ஏமாற்று. பிறகு சோர்வு, இருமல், மூச்சுத் திணறல், கறுப்பு மலம், நொண்டுதல் என்று வரும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தம் உள்ளே கசிகிறது.

வாயில் மிச்சமிருப்பதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அட்டை, மீதமுள்ள துண்டு, வாந்தி எடுத்திருந்தால் அதில் கொஞ்சம், எல்லாவற்றையும் கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கப்போவது நாலே கேள்வி: என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன. உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், பச்சை முட்டை எதுவும் ஊற்றாதீர்கள். உப்பே நாயைக் கொல்லும். மற்றவை நுரையீரலுக்குள் போகும். பால் விஷத்தை முறிக்கும் என்பது வெறும் பேச்சு.

சிங்க் பாஸ்பைடு என்றால் ஒரு வாய் சோறுகூடக் கொடுக்கக் கூடாது. வயிற்றில் உணவு சேர்ந்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். 15 நிமிடத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் வாந்தியும் துடிப்பும் தொடங்கிவிடும். வாயில் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரும். காரில் போகும்போது கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். அந்த வாந்தியிலிருந்து வரும் வாயு உங்களையும் தாக்கும்.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. கிளம்புவதற்கு முன் போன் செய்து, ராத்திரி மருத்துவர் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேக் தின்று சுமார் 4 மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் வாந்தி எடுக்கவைப்பார். ரத்தம் உறையும் நேரத்தை அன்றே பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சிகிச்சை வைட்டமின் கே1 மாத்திரை, பொதுவாக 3 முதல் 4 வாரம். மருந்துக்கடையில் கே3 (மெனாடியோன்) கொடுத்தால் திருப்பிவிடுங்கள், அது இதற்கு வேலை செய்யாது. கே1 கொழுப்போடுதான் உடம்பில் சேரும் என்பதால், வெறும் வயிற்றில் கொடுக்காமல் முட்டை மஞ்சள் கருவிலோ கறியிலோ வைத்துக் கொடுங்கள். அந்த வாரங்களில் பந்து எறிவது, மாடிப்படி ஓட்டம், மற்ற நாய்களோடு மல்லுக்கட்டு எதுவும் வேண்டாம். நாய் தேறிவிட்டது என்று இரண்டாம் வாரமே மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி ஓடிவருகிறார்கள். ஈரலில் தங்கிய மருந்து அதற்குள் கழிந்திருக்காது. கடைசி மாத்திரை கொடுத்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் உறைவு நேரத்தை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது கூடியிருந்தால் மாத்திரை தொடரும்.