டேட்டா இல்லாவிட்டாலும் லொகேஷன் அனுப்பலாம்

அவசரத்தில் லைவ் லொகேஷன் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? கூகுள் மேப்ஸில் நீலப் புள்ளி இருக்கும் இடத்தை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு தசம எண்கள் வரும். அவற்றைக் காப்பி செய்து சாதாரண எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். வாங்குபவர் மேப்ஸ் தேடலில் போட்டால் இடம் தெரிந்துவிடும்.

ஜிபிஎஸ் நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் இணையம் தேவையில்லை, எஸ்எம்எஸ்ஸுக்கும் அப்படியே. தசமப் புள்ளிக்குப் பின் 4 இலக்கம் இருந்தாலே சுமார் 11 மீட்டர் துல்லியம். போனில் வாசித்தும் சொல்லலாம்.

நிலத்தடித் தளத்திலோ கட்டடத்துக்குள்ளோ இதை நம்பாதீர்கள். நீலப் புள்ளியைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் எண்கள் தவறலாம். முடிந்தால் வெளியே வந்து பாருங்கள். உங்கள் சிம்முக்கு சிக்னலே இல்லையென்றால் எஸ்எம்எஸ் போகாது. அப்போதும் அவசர எண்ணை அழைத்துப் பாருங்கள், வேறு நிறுவனத்தின் டவர் வழியாக அழைப்பு போக வாய்ப்புண்டு.