பேப்பர் போடுவதற்கு முன்னால்: மாதச் சம்பளத்திலிருந்து ஃப்ரீலான்ஸுக்கு

ஃப்ரீலான்ஸ் ஆரம்பிக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர், எந்த வெப்சைட்டில் வேலை கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு அவசரம் இல்லை. சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போது மட்டுமே சுலபமாக முடியும் காரியங்கள் சில உண்டு. வேலையை விட்ட மறுநாளே அவை கடினமாகிவிடும். அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி ராஜினாமாவுக்கு முந்தைய மாதங்களைப் பற்றியது. டிசைன், கோடிங், கணக்கு, எழுத்து என்று இந்தியாவில் இருந்தபடி தனியாளாகச் செய்யும் எந்த வேலைக்கும் இது பொருந்தும்.

படி 1: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுங்கள்

சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி, அதைத் திரும்பப் படிப்பவர்கள் குறைவு. நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், பாண்டு (இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்ற உறுதிப் பத்திரம்) ஏதாவது இருக்கிறதா, வேலையில் இருக்கும்போதே வெளிவேலை பார்க்கலாமா என்று பாருங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்ததாகச் சொல்லி விப்ரோ 300 பேரை நீக்கியது 2022இல் செய்தியானது நினைவிருக்கலாம். அனுமதி இல்லையென்றால் 'சும்மா வார இறுதியில்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்காதீர்கள்.

வேலையை விட்ட பிறகும் அதே தொழிலைச் செய்யக்கூடாது என்று ஆர்டரில் இருந்தால் பயப்பட வேண்டாம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அப்படிப்பட்ட தடை பொதுவாகச் செல்லாது. ஆனால் கம்பெனியின் ரகசியத் தகவல்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வேலையில் இருந்தபோது நீங்கள் செய்த டிசைனும் கோடும்கூடப் பொதுவாகக் கம்பெனியின் சொத்துதான். போர்ட்ஃபோலியோவுக்கு அவற்றை அள்ளிக்கொண்டு வராமல், சொந்தமாக இரண்டு மூன்று மாதிரி வேலைகளைச் செய்து வையுங்கள்.

படி 2: மருத்துவக் காப்பீடும் கடனும்

ஆபீஸ் கொடுத்த குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். தனிப் பாலிசி எடுத்தால் முதல் 30 நாளுக்கு விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் கிடைக்காது. ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தால் அவற்றுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போகலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே தனிப் பாலிசியை ஆரம்பித்துவிடுங்கள். அல்லது குழுப் பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்ற முடியுமா என்று எச்ஆரிடம் கேளுங்கள். மாற்றினால் காத்திருந்த காலம் வீணாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

வீட்டுக் கடனோ கிரெடிட் கார்டோ தேவைப்பட்டால் இப்போதே வாங்கிவிடுங்கள். சொந்தத் தொழில் என்று சொன்ன உடனே வங்கிகள் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்கும். அதற்காகத் தேவையில்லாத கடனை வாங்கிக்கொண்டு வெளியே வருவது தற்கொலைக்குச் சமம். மாதத் தவணை எவ்வளவு குறைவோ அவ்வளவு தைரியமாக வேண்டாத வேலையை மறுக்கலாம். கையிருப்பாக ஆறு மாத வீட்டுச் செலவு என்று பலர் சொல்வார்கள். குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற குடும்பம் என்றால் நான் ஒன்பது என்பேன்.

படி 3: உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை

புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

கைக்கு வரும் சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 176 மணி நேரம். வகுத்தால் மணிக்கு சுமார் 284 ரூபாய். 'சரி, 300 கேட்போம், லாபம்தான்' என்று தோன்றும்.

தோன்றட்டும், இப்போது ஆபீஸ் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்ததைச் சேருங்கள். பிஎஃப்பில் உங்கள் பங்கும் அவர்கள் பங்குமாக 3,600. காப்பீட்டுக்கு 2,000. இன்டர்நெட், கரண்ட், சாஃப்ட்வேர், அடுத்த லேப்டாப்புக்கு எடுத்து வைப்பது எல்லாம் சேர்த்து 6,000. மொத்தம் மாதம் 61,600, வருடத்துக்கு 7,39,200.

அடுத்து, வருடத்தில் எத்தனை மணி நேரத்துக்கு உண்மையில் பில் போட முடியும்? பண்டிகை, காய்ச்சல், வேலையே வராத வாரங்கள் என்று ஒன்றரை மாதம் போய்விடும். வேலை இருக்கும் நாளிலும் கொட்டேஷன் அனுப்புவது, மெயிலுக்குப் பதில், பணத்துக்கு நினைவூட்டுவது போக ஐந்து மணி நேரம் கிடைத்தால் பெரிது. பத்தரை மாதம், 22 நாள், 5 மணி நேரம்: 1,155 மணி நேரம். வகுத்தால் 640 ரூபாய்.

அதாவது பழைய சம்பளத்தில் நிலையாக இருப்பதற்கே இரண்டு மடங்குக்கு மேல் வாங்க வேண்டும். இதைக் கணக்குப் போடாமல் 300க்கு ஒப்புக்கொண்டவர்கள், ராத்திரி ஒரு மணி வரை உழைத்துவிட்டு, ஃப்ரீலான்ஸ் சரிப்பட்டு வராது என்று திரும்பிப் போகிறார்கள். வாடிக்கையாளரிடம் மணிக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்களுக்குள் பெருக்கி, மொத்தத் தொகையாகச் சொல்லுங்கள்.

படி 4: முதல் வாடிக்கையாளர்

பெரிய ஃப்ரீலான்ஸ் தளங்களில் கணக்கு தொடங்குங்கள், தவறில்லை. ஆனால் முதல் வேலை பெரும்பாலும் பழைய சக ஊழியர், கல்லூரி நண்பர், வேறு கம்பெனிக்குப் போன மேனேஜர் மூலமாகத்தான் வரும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரே வரியில் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். 'எல்லாம் பண்ணுவேன்' என்பவரை யாரும் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டார்கள்.

படி 5: பேப்பர் போடுவது

கிராஜுவிட்டியை, அதாவது நீண்ட சேவைக்காக ஆபீஸ் தரும் பணிக்கொடையை, பார்த்துவிட்டு தேதியை முடிவு செய்யுங்கள். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். கணக்கு: கடைசி அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகை, பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் சேவை வருடங்கள். அந்தத் தொகை 30,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 86,500 ரூபாய்க்கு மேல் வரும். நாலரை வருடம் ஆனவர் கோபத்தில் கிளம்பினால் அதை ஆபீஸுக்கே அன்பளிப்பாகக் கொடுத்த மாதிரி.

ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று எல்லாவற்றையும் வாங்குங்கள். பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆபீஸ் போடாவிட்டால், கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் கழித்து யூஏஎன் (உங்கள் பிஎஃப் எண்) தளத்தில் நீங்களே போடலாம். அவசரம் இல்லையென்றால் பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். ஐந்து வருடச் சேவை முடியாமல் எடுத்தால் வரி உண்டு. விட்டுவைத்தால் வட்டி தொடரும், ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி கட்ட வேண்டும்.

சம்பளக் கணக்கு சில மாதத்தில் சாதாரணக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகளில் பிடித்தம் ஆரம்பிக்கும். அதையும் கவனியுங்கள்.

படி 6: உத்யம் பதிவு, இன்வாய்ஸ், முன்பணம்

தனியாளாக இருந்தாலும், சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்யலாம். ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற புரோக்கர் தளங்களுக்குப் போகாதீர்கள். பதிவின் பலன் பணம் தாமதமாகும்போது தெரியும். 2006ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதோடு, கெடு தாண்டிய தொகையை உண்மையில் கொடுக்கிற வரை அந்தக் கம்பெனி வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. எனவே உத்யம் எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு இருப்பது நல்லது.

வழக்கு வரை போகாமல் இருக்க எளிய வழி முன்பணம். புது வாடிக்கையாளரிடம் பாதியை முன்னால் வாங்குங்கள். என்ன செய்து தருவீர்கள், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி, எவ்வளவு என்பதை மெயிலில் எழுதி, 'சரி' என்று பதில் வாங்கியபின் ஆரம்பியுங்கள். ஃபோனில் பேசியது பேச்சோடு போகும். சொந்தக்காரர், நண்பர் என்றால் இன்னும் கண்டிப்பாக எழுதி வாங்குங்கள்.

படி 7: வரி

ஜிஎஸ்டி பதிவு, சேவைக்கு வருடத்தில் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். ஆரம்பத்தில் தேவைப்படாது. ஒரு இந்தியக் கம்பெனி உங்களுக்குத் தருவது வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது போன பணமில்லை, வருட வரியில் கழித்துக்கொள்ளலாம், அதிகமாகப் பிடித்திருந்தால் வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

ஐடி, பொறியியல், கணக்கியல், இன்டீரியர் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு உத்தேச வருமான முறை உண்டு. ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லிப் பழகியது இதைத்தான். வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக்கு ரசீது சேர்த்து வைக்க வேண்டியதில்லை. 18 லட்சம் வந்தால் 9 லட்சம் வருமானம், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது. எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் இந்தப் பட்டியலில் பெயரிட்டுச் சேர்க்கப்படவில்லை. அவர்கள் எந்தப் பிரிவில் காட்டுவது என்று முதல் வருடம் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. டிடிஎஸ் போக வருடத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் வரி வரும் என்றால் முன்கூட்டியே கட்ட வேண்டும். உத்தேச முறையில் இருப்பவர்களுக்கு மார்ச் 15 ஒரே கெடு. மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை, எல்லாம் 15ஆம் தேதி.