ராகிங் புகார் கொடுப்பது எப்படி? முதலாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

கல்லூரிச் சேர்க்கையின்போது ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியில் மாணவர், பெற்றோர் இருவரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். கட்டணச் சலானுக்கும் சான்றிதழ் நகலுக்கும் நடுவே அதுவும் ஒரு தாளாகப் போய்விடும். அதன் பின்னால் இருக்கும் சட்டம் வலுவானது. எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாததால்தான் பல புகார்கள் பிரின்சிபால் அறையிலேயே "பேசி" முடிக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து பொருந்தும். ஒன்று, தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு 1996 நவம்பரில் கொல்லப்பட்டதை அடுத்து வந்தது. மற்றொன்று, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள். அதே ஆண்டு மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரூ ராகிங்கில் இறந்தபின் நாடு முழுவதற்கும் வந்தவை. மருத்துவக் கல்லூரிகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைகளும் உண்டு.

1. நடந்தது ராகிங்தானா?

அடி விழுந்தால்தான் ராகிங் என்று நினைப்பவர்கள் அதிகம். தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, ஒரு மாணவர் இயல்பாகச் செய்ய விரும்பாத ஒன்றைச் செய்யச் சொல்வதே ராகிங். பயம், வெட்கம், சங்கடம் உண்டாக்குவதும் அதில் அடங்கும். "இன்ட்ரோ கொடு" என்று இரவு அறைக்கு அழைத்து நிற்கவைப்பது, ரெக்கார்டு நோட்டை எழுதித்தரச் சொல்வது, ட்ரீட் என்ற பெயரில் பணம் பறிப்பது, சீனியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து மிரட்டுவது எல்லாமே இதற்குள் வரும். சாதி, மதம், மொழி, ஊர், நிறம், தோற்றம், பாலினம், குடும்பத்தின் வசதி ஆகியவற்றைச் சொல்லித் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்று யுஜிசி 2016 திருத்தத்தில் வெளிப்படையாகச் சேர்த்தது.

இடமும் தடையில்லை. கல்லூரிக்கு வெளியே, வாடகை அறையிலோ டீக்கடையிலோ நடந்தாலும் 1997 சட்டம் பொருந்தும். "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்பது சட்டத்தின் முன் பதிலே ஆகாது.

2. முதலில் பாதுகாப்பு, உடனே சான்று

ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 112 அல்லது 100. புகார் எழுதுவதெல்லாம் அப்புறம்.

காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "கீழே விழுந்துவிட்டேன்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடாதீர்கள். பயத்தில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பதிவைத்தான். யார், எப்போது, எதனால் அடித்தார் என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதவையுங்கள். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் புரியும்.

செல்போனில் வந்தவற்றைக் கையாளும்போது கவனம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எண்ணும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். வெட்டி ஒட்ட வேண்டாம். கோபத்தில் குழுவைவிட்டு வெளியேறி உரையாடலை அழித்துவிடுவது பெரிய இழப்பு. மூலம் அந்தப் போனிலேயே இருக்கட்டும். தானாக மறையும் செய்தி வசதி இயங்கினால் உடனே படமெடுங்கள். பணம் அனுப்பியிருந்தால் யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாகவே அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். அதனால் எந்த இடத்துக் கேமரா, எந்த நேரப் பதிவு என்று குறிப்பிட்டு, அதைப் பாதுகாக்கும்படி புகாரிலேயே ஒரு வரி எழுத வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த வரியைத்தான்.

3. புகாரை எழுதுதல்

வார்டனிடமோ வகுப்பாசிரியரிடமோ வாயால் சொன்னதற்குப் பிறகு தடயம் இருக்காது. ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். "அடிக்கடி தொல்லை கொடுக்கிறார்கள்" என்பதுபோன்ற வரிகளை வைத்து யாரையும் விசாரிக்க முடியாது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் நாள், நேரம், இடம், செய்தவர், சொன்ன சொல், பார்த்தவர் என்று எழுதுங்கள். வசைச் சொல்லை நாகரிகம் கருதி மாற்றாமல் சொன்னபடியே எழுதுங்கள்.

மாதிரி:

அனுப்புநர்: பெயர், துறை, பதிவு எண், விடுதி அறை எண்
பெறுநர்: முதல்வர் மற்றும் ராகிங் எதிர்ப்புக் குழுத் தலைவர்
பொருள்: ராகிங் குறித்த புகார் – நடவடிக்கை கோருதல்

ஐயா/அம்மா,
(நாள்) அன்று இரவு 10.40 மணிக்கு, விடுதி இரண்டாம் தளம் (எண்) அறைக்கு மூன்றாமாண்டு மாணவர் (பெயர், துறை) என்னை வரச்சொன்னார். உடன் இருவர் இருந்தனர். பெயர் தெரியாது, நேரில் பார்த்தால் அடையாளம் காட்டுவேன். ஒரு மணி நேரம் நிற்கவைத்து (சொன்னதும் செய்ததும்). மறுத்தபோது இடது கன்னத்தில் அறைந்தனர். என் அறைத்தோழர் (பெயர்) பார்த்தார். அத்தளத்தின் நடைவழிக் கேமராவில் இரவு 10 முதல் 12 வரையிலான பதிவைப் பாதுகாக்கக் கோருகிறேன். 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தின்படியும் யுஜிசி 2009 விதிமுறைகளின்படியும் நடவடிக்கை எடுத்து, காவல் நிலையத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்துக்கு மேலே, இணைத்திருக்கும் சான்றுகளின் பட்டியலைச் சேருங்கள். பாதிக்கப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. பெற்றோரும், பார்த்தவரும் கொடுக்கலாம். தகவல் தந்தவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும், தகவல் தந்ததற்காக அவருக்குப் பாதகம் எதுவும் வரக்கூடாது என்கிறது யுஜிசி விதி.

4. கொடுத்ததற்குச் சான்று

இரண்டு பிரதிகள் எடுத்துப்போய், ஒன்றில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அலுவலகத்தில் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அங்கிருந்தபடியே முதல்வரின் அலுவலக மின்னஞ்சலுக்குப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அன்றே விரைவுத் தபாலிலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேதி ஏன் முக்கியம்? யுஜிசி விதிப்படி, தகவல் கிடைத்ததும் அதில் குற்றச் சட்டப்படி வழக்குக்கு இடமிருக்கிறதா என்று முதல்வர் உடனே முடிவுசெய்ய வேண்டும். இருந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதியச் செய்ய வேண்டும். போலீஸ் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல், கல்லூரி தன் சொந்த விசாரணையையும் நடவடிக்கையையும் 7 நாட்களில் முடிக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: புகாரின்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார், ராகிங் செய்தவருக்குரிய தண்டனையே அவருக்கும். அந்தத் தண்டனை 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும். தேதியிட்ட ரசீது உங்கள் கையில் இருந்தால்தான் தாமதத்தை நிரூபிக்க முடியும்.

5. தேசிய உதவி எண்

1800-180-5522. கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்கும். ஆன்டிராகிங் டாட் இன் என்ற தளத்திலும் பதியலாம். உறுதிமொழி நிரப்பிய அதே தளம். பெயர் சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் புகார் தரலாம். ஆனால் கல்லூரியின் முழுப் பெயர், ஊர், துறை, ஆண்டு, இடம், நேரம் தெளிவாக இல்லாத பெயரற்ற புகாரை வைத்து எதுவும் செய்ய முடியாது. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள். கல்லூரிக்குக் கொடுத்த கடிதத்திலும் அந்த எண்ணைச் சேர்த்தால், உள்ளுக்குள்ளேயே முடித்துவிடும் எண்ணம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

6. காவல் நிலையம்

அடி, மிரட்டல், அடைத்துவைத்தல், பணம் பறித்தல், பாலியல் சீண்டல் இருந்தால் கல்லூரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி வேறு மாவட்டத்தில் இருந்தாலும் சொந்த ஊர்க் காவல் நிலையத்தில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், அவர்கள் உரிய நிலையத்துக்கு மாற்றுவார்கள். நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால், அது புகார் வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே, எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதன்பிறகும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். மாணவருக்கு 18 வயது நிறையவில்லை என்றால் (முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர்) பாலியல் துன்புறுத்தலுக்குப் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) பொருந்தும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் சாதியின் பெயரால் துன்புறுத்தப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தக்கூடும். அதனால் சொல்லப்பட்ட சாதிச் சொல் புகாரில் அப்படியே இருக்க வேண்டும். மாணவிகள் பாலியல் துன்புறுத்தலைக் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடமும் தனியே கொடுக்கலாம்.

7. விசாரணையில் வழக்கமாகக் கோணலாகும் இடங்கள்

"பையன் எதிர்காலம் போயிடும், விட்டுடுங்க" என்ற பேச்சு முதல் நாளே வரும். சில நேரம் குற்றம்சாட்டப்பட்டவரின் பெற்றோரே வீடு தேடி வருவார்கள். அவர்களிடம் மரியாதையாகப் பேசலாம், ஆனால் "சமாதானமாகப் போகிறோம்" என்ற தாளில் கையெழுத்திட வேண்டாம். தட்டச்சு செய்து நீட்டும் எதையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்த பிறகே முடிவுசெய்யுங்கள்.

பாதுகாப்பு என்று சொல்லிப் புகார் கொடுத்த மாணவரையே விடுதியிலிருந்து வெளியே அனுப்புவது அநியாயம். மாற்ற வேண்டியது குற்றம்சாட்டப்பட்டவரை. இதை எழுத்தில் கேளுங்கள். ஒரே அறையில் இருதரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரித்தாலும் மறுப்புத் தெரிவித்து, தனித்தனியே விசாரிக்கக் கோருங்கள். இன்டர்னல் மதிப்பெண்ணிலோ வருகைப் பதிவிலோ கைவைப்பதாக யாராவது மிரட்டினால் அது புதிய சம்பவம், புதிய தேதியில் புதிய கடிதம்.

குற்றம் உறுதியானால் இடைநீக்கம், உதவித்தொகை நிறுத்தம், தேர்வு எழுதத் தடை, விடுதியிலிருந்து நீக்கம், 1 முதல் 4 பருவங்கள் வரை கல்லூரியிலிருந்து விலக்கிவைப்பு, சேர்க்கை ரத்து என்று தண்டனைகள் உண்டு. செய்தவர் யாரென்று அடையாளம் தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கவும் விதி இடம் தருகிறது. 7 நாட்கள் கழிந்தும் பதில் இல்லையென்றால், ரசீது நகலை இணைத்துப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் யுஜிசிக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

இதற்கிடையே பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், போனை எடுக்காமல் இருந்தால் வழக்கு வேலையை உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவருடன் இருங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.