பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்: வாங்கும்போதும் மாற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, பெரிய டயரும் உயரமான ஸ்பிரிங்கும் ஆர்டர் போடுவதுதான். மற்ற தவறுகள் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன. ஜீப் வேகனீர், டொயோட்டா லேண்ட் குரூசர் 60, நிஸான் பேட்ரோல், செவர்லே பிளேஸர், ஃபோர்டு பிராங்கோ என்று எதை எடுத்துக்கொண்டாலும் அதன் டயர் அளவு, ஆக்ஸில் கியர் விகிதம், பிரேக், ஸ்டீயரிங் கோணம் எல்லாம் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்தவை. ஒன்றில் கை வைத்தால் அதோடு சேர்ந்த இன்னும் இரண்டு மூன்றில் கை வைக்க வேண்டிவரும். அதனால் வண்டியை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வருடமாவது அப்படியே ஓட்டுங்கள். எதை மாற்ற வேண்டும் என்பது ஓட்ட ஓட்டத்தான் தெரியும்.

பெயின்டைப் பார்த்து வாங்குவது

வண்டி பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், கதவைத் திறந்து மூடுகிறார்கள், அடியில் படுத்துப் பார்ப்பதில்லை. இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யலாம். உள்ளிருந்து துரு தின்ற சேஸிஸை மீட்பதுதான் பெரும்பாடு. பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஹேங்கர்கள், பாடி மவுன்ட் ரப்பர் உட்காரும் இடங்கள், சேஸிஸுக்குள் சேறு தேங்கும் மூலைகள், இவற்றை டார்ச்சும் சின்னச் சுத்தியலும் வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருப்பிடித்தது மந்தமாகக் கேட்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் நிதானமாகத் தட்டுங்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, இன்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, பாக்ஸ் சேஸிஸோடு சேரும் இடத்தையே பாருங்கள். திருப்பும் ஒவ்வொரு முறையும் சேஸிஸ் தகடு வளைந்து கொடுத்தாலோ, போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, அங்கே பல வருடம் பெரிய டயர் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். வெல்டிங் செய்து, உள்ளே தாங்குதகடு வைத்துச் சரிசெய்யக்கூடியதுதான். ஆனால் வாங்குவதற்கு முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆயிலையும் பிரேக்கையும் தள்ளிப்போடுவது

வாங்கிய முதல் வாரத்திலேயே இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஆக்ஸில்களில் இருக்கும் இரண்டு டிஃபரன்ஷியல்கள் (திருப்பத்தில் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்கள்) எல்லாவற்றிலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். முன்பு மாற்றியவர் என்ன ஊற்றினார் என்று யாருக்கும் தெரியாது. ஆயிலை வடிக்கும் பிளக்கைத் திறப்பதற்கு முன்னால் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல வருடம் தொடாத அந்தப் பிளக் துருவேறி இறுகியிருந்தால், எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டிவரும்.

கியர் ஆயில் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 என்ற தர ஆயில் தேவைப்படும். கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றுக்கு ஜிஎல்-4தான் சொல்லப்பட்டிருக்கும். 1973இல் ஜீப்பில் வந்த குவாட்ரா-டிராக் என்ற முழுநேர ஃபோர் வீல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி லூப்ரிகன்ட் வேண்டும். சாதாரண ஆயிலை ஊற்றினால் மெதுவாகத் திரும்பும்போது முனகும், விட்டுவிட்டுப் பிடிக்கும். பலர் அதைக் கேட்டுப் பயந்துபோய் நல்ல டிரான்ஸ்ஃபர் கேஸையே கழற்றிவிடுகிறார்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். இரண்டு டன் வண்டி நீளமான மலையிறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி வந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையோடு போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுவது நல்லது. மாற்றும்போது ரப்பர் ஹோஸ்களையும் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். பெடலை விட்டாலும் அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தபடியே இழுக்கும்.

டயரில் பட்டன் இன்னும் தேயாமல் இருக்கிறது என்று நம்பி ஓட்டுபவர்களும் உண்டு. பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி 4 எண்களைப் படியுங்கள். 3512 என்றால் 2012ஆம் வருடத்தின் 35ஆவது வாரம். 10 வருடம் தாண்டிய டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள், ஸ்டெப்னி உட்பட.

தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு போவது

ஃபோர் வீல் போட்டால் பிடிமானம் கூடும், அதனால் எப்போதும் போட்டுக்கொண்டே போகலாம் என்று நினைப்பவர்களால்தான் நிறைய டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் வீணாகின்றன. வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான பாதையில் போகும். வேண்டும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் பார்ட் டைம் அமைப்பில் முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். மண்ணிலோ சேற்றிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுதும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிராஸ், செயின், கியர் என்று உள்ளே ஏறும். ஸ்டீயரிங் கனக்கும், திருப்பத்தில் வண்டி உதறும். பிறகு டூ வீலுக்கு மாற்றப் போனால் லீவர் அசையாது. அப்போது லீவரை உதைக்காதீர்கள். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். முறுக்கு விட்டதும் லீவர் தானாக வரும்.

1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் போன்ற முழுநேர ஃபோர் வீல் வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் இருப்பதால் தாரிலும் ஓட்டலாம். அதை லாக் செய்துவிட்டால் அதுவும் பார்ட் டைம் வண்டியைப் போலத்தான். உங்கள் வண்டியில் எந்த அமைப்பு இருக்கிறது என்று மேனுவலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு ஓட்டியவர் சொன்னதை நம்ப வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சேற்றில் புதைந்து, ஆக்ஸில் வரை இறங்கிய பிறகு ஃபோர் வீலைத் தேடுவது. முன் சக்கரத்தில் கையால் திருப்பும் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் பூட்டு) உள்ள வண்டியாக இருந்தால், அப்போது சேற்றுக்குள் கையை விட வேண்டியதுதான். மோசமான பாதை கண்ணில் படும்போதே இறங்கி இரண்டு ஹப்பையும் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு மற்றதை மறந்தால் முன் ஆக்ஸில் இழுக்காது.

ஏற்றத்தில் பாதியில் இன்ஜின் நின்றால் வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள். உயரமான வண்டி குறுக்கே நின்ற மறுகணம் உருண்டுவிடும். பிரேக் பிடித்து, ரிவர்ஸ் கியரில் போட்டு, நேராகப் பின்னால் இறங்குங்கள். இறக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து விசை கூடும் நிலை), கியர்பாக்ஸில் சின்ன கியர். கிளட்சை மிதிக்கவே கூடாது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. வேகனீர், பிளேஸர் போன்ற வண்டிகளில் பின்கதவுக் கண்ணாடி கீழே இறங்கும். காற்றுக்காக அதை இறக்கிவிட்டு ஓட்டுவது பலருக்குப் பழக்கம். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் எக்ஸாஸ்ட் புகை அந்த வழியாக உள்ளே இழுக்கப்படும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையோ நிறமோ இல்லை, பின் சீட்டில் தூங்கும் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். அதன் ரப்பர் பீடிங் காய்ந்திருந்தால் மற்ற எதற்கும் முன்னால் அதை மாற்றுங்கள்.

உயரமும் டயரும்

29 அங்குல டயரிலிருந்து 33க்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 91இல் போகும். ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு) 3.31 என்றால் இன்ஜினுக்கு அது 2.91 போலத் தெரியும். ஏற்றத்தில் திணறும், கிளட்ச் தேயும், ஆட்டோமேட்டிக் என்றால் ஆயில் சூடாகும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். பழைய இழுவை திரும்ப வர 3.73 கியர் போட வேண்டும், அதுவும் முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும். செலவு மிச்சம் என்று ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால், நேர்ச்சாலையிலேயே முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து உடைத்துக்கொள்ளும். முன்னால் ஒரு அளவு டயர், பின்னால் வேறு அளவு டயர் போடுவதிலும் இதே ஆபத்துதான்.

உயரத்தைக் கூட்டும்போது முதலில் மறந்துபோவது பிரேக் ஹோஸ். ஆக்ஸில் முழுக்கக் கீழே தொங்கும்போது அது விறைத்து இழுபடக் கூடாது. அடுத்தது, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டிராக் லிங்க். அதன் சாய்வு அதிகமானால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாக வெட்டும். முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறைந்தால் திருப்பிய ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். பழைய புஷ்ஷும் இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் தேய்ந்த முனைகளும் இதோடு சேர்ந்தால், ஒரு சின்னக் குழியில் முன் ஆக்ஸில் முழுதும் வெறிபிடித்தது போல உதற ஆரம்பிக்கும். ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் புதிதாக மாட்டி அதை அடக்கப் பார்ப்பார்கள். அது கோளாறை மறைக்கும், தீர்க்காது. முன் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்துவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும் விசையில் அந்தக் கட்டை நழுவினால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது.

என்னைக் கேட்டால் 2 அங்குல உயரமும், வண்டியின் பாடியில் உரசாத அளவு டயரும், நல்ல பிரேக்கும் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

வயரிங்கில் கவனம் இன்னும் குறைவு. டேஷ்போர்டில் ஆம்மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) உள்ள பழைய ஜீப்புகளில் சார்ஜ் ஆகும் மின்சாரம் முழுதும் அந்த மீட்டர் வழியாகப் போய்த் திரும்பும். பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டி, வின்ச்சையும் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) விளக்குகளையும் சேர்த்தால் அந்தப் பழைய முனைகள் சூடேறி உருகும். தீ பிடிப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில். மீட்டரை ஒதுக்கிவிட்டு, ஃபியூஸோடு கூடிய தடிமனான வயரை ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக பேட்டரிக்குக் கொண்டுபோய், வோல்ட்மீட்டர் வைத்துக்கொள்ளலாம். ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள். பழைய விளக்குகளே பளிச்சென்று எரியும்.

தண்ணீரும் மீட்பும்

ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதர் குழாயை நீட்டி இன்ஜின் உயரத்துக்குக் கொண்டுவருவது மலிவான, ஆனால் மிகவும் பயனுள்ள மாற்றம். தண்ணீர் கடந்த மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கியிருந்தால் உடனே மாற்ற வேண்டும். நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வெளியே இழுத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

புதைந்த வண்டியை இழுக்க டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைப் போடுவது உயிருக்கு ஆபத்து. அந்த உருண்டை இழுபடும் எடைக்குச் செய்தது, திடீரென்று வெட்டி இழுக்கும் விசைக்கு அல்ல. உடைந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும், இதில் உயிர்கள் போயிருக்கின்றன. சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, எடை குறிக்கப்பட்ட கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கயிறு இறுகும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் இழுவை, டிரம்மில் கயிற்றின் முதல் அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. மேல் அடுக்குகளில் அது குறைந்துகொண்டே போகும். அதனால் கயிற்றை நிறைய வெளியே விட்டு, தேவைப்பட்டால் ஸ்னாட்ச் பிளாக் என்ற கப்பியைப் போட்டு இரட்டிப்பாக்கி இழுங்கள். டயர் காற்றைக் குறைத்தாலே பாதி நேரம் வின்ச் தேவைப்படாது. மணலில் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கலாம். தார்ச்சாலைக்கு ஏறும் இடத்திலேயே திரும்ப ஏற்றியாக வேண்டும் என்பதால் கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

மாற்றங்கள் செய்யும்போது கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய கிராண்ட் வேகனீர் 1991இலும் லேண்ட் குரூசர் 60 1990இலும் நின்றுபோனவை. ஒரு பிராக்கெட்டையோ ஸ்டீயரிங் ஆர்மையோ பிறகு தேடினால் மாதக்கணக்கில் ஆகும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, போல்ட்டுகளைப் பையில் போட்டு, எந்தப் பக்கம் எந்த இடம் என்று எழுதிக் கட்டி வையுங்கள். செய்த மாற்றங்களை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் அதே பைலில் சேர்த்துவிடுங்கள்.