பக்கவாத வார்டில் யூரின் டியூப் போடும் முன்

வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்கள், நான் அந்த நாளில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கையுறை, விரிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படுக்கை நனைகிறதே என்று டியூப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு நைட் டியூட்டியில் ஒரு பெரியவருக்கு மூன்று தடவை விரிப்பு மாற்றினேன். நாலாவது தடவை பொறுமை போய், டாக்டரை நச்சரித்து யூரின் டியூப் போட்டேன். படுக்கை காய்ந்தது, எனக்கும் நிம்மதி. அப்புறம் அதை எப்போது எடுப்பது என்று யாருமே கேட்கவில்லை. ஷிஃப்ட் மாற மாற எல்லோரும் பையைக் காலி செய்தோம், அளவை ஒழுங்காக எழுதினோம். ஒன்பதாம் நாள் உடம்பு தூக்கிப்போடும் குளிர், காய்ச்சல். முந்தின நாள் கையைப் பிடித்து நாலடி நடந்தவர், ஒரு வாரம் எழுந்து உட்காரவில்லை.

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேர 3 முதல் 7 சதவீதம் வாய்ப்பு உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டதா, மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டுமா? சரி, போடுங்கள். எடுக்கும் நாளையும் அன்றே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

எடுத்த பிறகு சொட்டுச் சொட்டாகப் போனால், 'அடக்க முடியவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், ஸ்கேனில் மீதம் எவ்வளவு என்று பாருங்கள்.

கேட்காததால் தெரியாமல் போவது

பேச்சுப் போன ஒரு அம்மா விரிப்பின் ஓரத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். படபடப்பு என்று நினைத்து விரிப்பை இறுக்கிச் செருகினோம். அவர் கூப்பிட்டது பெட்பேனுக்கு! அழைப்பு மணியோ விழுந்துபோன கைப்பக்கம் தொங்கியது. அதிலிருந்து நான் மணியை நல்ல கைப்பக்கம் மாற்றிவைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே போய்க் கேட்கிறேன்.

குடிக்கும் தண்ணீரைக் குறைப்பது

வேண்டாம். சிறுநீர் அடர்ந்து உறுத்தும், மலம் இறுகிச் சிறுநீர்ப்பையை அழுத்தும்.

எடுக்கும் முன் டியூபை அடைத்துத் திறந்து சிறுநீர்ப்பையைப் பழக்குவது

பலனில்லை.

'இனி இப்படித்தான்' என்று வீட்டாரிடம் சொல்வது

ஆஸ்பத்திரியில் சேரும்போது ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சிறுநீரை அடக்க முடியாத இந்தத் தொல்லை. வீடு திரும்பும்போது நாலில் ஒருவருக்கு. ஒரு வருடம் கழித்து ஏழில் ஒருவருக்கு.