அடுத்த கட்ட வேக்போர்டு வாங்கும் முன்: படகுக்கா, கேபிளுக்கா?

இரண்டு பக்கமும் வெட்டி ஓட்ட வந்துவிட்டது, சின்னச் சின்னத் தாவல்களும் பிடிபட்டுவிட்டன, இனிமேல் வாடகை வேக்போர்டு (கயிறு இழுக்க, தண்ணீர் மேல் நின்று ஓட்டும் பலகை) போதாது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடைக்கு ஏற்ற நீள அட்டவணை எல்லாப் பலகைகளுக்கும் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள், இறங்கும்போது நிதானமாக இருக்கும்.

முதல் படி, போன பருவத்தில் எத்தனை நாள் படகின் பின்னால், எத்தனை நாள் கேபிளில் (தண்ணீருக்கு மேலே ஓடும் கம்பிவடம் இழுக்கும் பார்க்கில்) ஓட்டினீர்கள் என்று எண்ணுங்கள். ஆசையை எண்ண வேண்டாம், ஓட்டிய நாட்களை எண்ணுங்கள். ஏனென்றால் இழுக்கும் திசையே வேறு. படகில் கயிறு இரண்டு மீட்டர் சொச்சம் உயரத்தில், டவர் என்ற படகின் மேல் சட்டத்தில் கட்டியிருக்கும், வேகம் மணிக்கு 35 முதல் 39 கிலோமீட்டர் வரை போகும், படகு எழுப்பும் அலைதான் உங்களைத் தூக்கிவிடும். கேபிள் தலைக்கு மேல் பல மீட்டர் உயரத்தில் ஓடுகிறது, வேகம் 30க்குப் பக்கம், அலையே கிடையாது. கிக்கர் என்ற சாய்வு மேடையைத் தவிர்த்துப் பார்த்தால், விளிம்பை அழுத்திக் கயிற்றில் நீங்கள் ஏற்றும் விசைதான் உங்களை மேலே கொண்டுபோகும்.

இரண்டாவது ராக்கர், அதாவது பலகையின் வளைவு. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்று கட்ட ராக்கரில் நடுவில் தட்டையாக இருந்து இரண்டு முனைப் பக்கமும் சட்டென்று மேலே மடங்கும். அலையில் மோதியதும் நேராக மேலே தூக்கும், ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதால் வேகம் குறையும். தொடர் ராக்கர் ஒரே வில் போல வளைந்திருக்கும், வேகத்தை விடாது. நான் உயரத்துக்கு ஆசைப்பட்டு மூன்று கட்டப் பலகை வாங்கினேன், அப்புறம் அதையே கேபிளுக்கும் கொண்டுபோனேன். கேபிள் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் வேகம் செத்து, கயிறு தொய்ந்து, அடுத்த நொடி வெடுக்கென்று இழுத்து என்னைத் தண்ணீரில் போட்டது. நிற்கும் விதம் தப்பு என்று நினைத்து ஒரு பருவம் முழுக்கக் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒருநாள் இன்னொருவரின் தொடர் ராக்கர் பலகையில் ஏறினேன், முதல் சுற்றிலேயே கயிறு தொய்வில்லாமல் வந்தது.

கடையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நேர் அளவுகோல் போதும். பலகையைக் கவிழ்த்து நடுவில் நீளவாக்கில் வையுங்கள். ஒரு நல்ல நீளத்துக்கு ஒட்டி உட்கார்ந்தால் மூன்று கட்டம், ஒரே இடத்தில் மட்டும் தொட்டு இரண்டு பக்கமும் விலகினால் தொடர். இரண்டுக்கும் நடுவிலான கலப்பு வகையும் உண்டு.

மூன்றாவது அடிப்பாகம். ரெயிலில், அதாவது பார்க்கில் சறுக்குவதற்கென்று வைத்திருக்கும் தடையில், சறுக்கப் போகிறீர்கள் என்றால் உரசலைத் தாங்கும் அடிப்பாகமான கிரைண்ட் பேஸ் கட்டாயம், இதில் பேரமே வேண்டாம். படகுப் பலகைகளில் அடியில் மெல்லிய கண்ணாடியிழைதான் இருக்கும், ரெயிலில் நான்கு தடவை உரசினால் கீறி, விளிம்பு வெடித்து, உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். பலகையோடு சேர்த்தே வார்த்த ஃபின்களும் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள்) ரெயிலில் இடிக்கும்.

பலகையின் உள்ளே இருக்கும் பொருள் பற்றி: ஃபோம் லேசானது, விறைப்பானது, அலையில் துள்ளும். மரம் கொஞ்சம் கனம், ஆனால் வளைந்து கொடுக்கும், அடியும் தாங்கும். கேபிளுக்கு மரம்தான் என் தேர்வு, முனையை அழுத்தி ஓட்டும் சுகம் விறைத்த பலகையில் கிடைக்கவே கிடைக்காது.

பைண்டிங்கை, அதாவது காலைப் பலகையோடு பிடித்துவைக்கும் காலணியை, கடைசியில் வாங்குங்கள். சில பலகைகளில் திருகுத் துளைக்குப் பதில் தண்டவாளம் போன்ற காடி இருக்கும், அதற்கு ஏற்ற பைண்டிங் மட்டுமே பொருந்தும். திருகுகளைக் கையால் முறுக்குங்கள், டிரில் வேண்டாம், மரை போய்விடும். முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு தடவை இறுக்குங்கள்.

பின்சேர்க்கை: இரண்டுக்கும் ஒரே பலகை போதுமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். போதும், ஆனால் கேபிள் பக்கமிருந்து தேடுங்கள்: கிரைண்ட் பேஸ், நடுத்தரமாக வளைந்து கொடுக்கும் தன்மை, கழற்றக்கூடிய ஃபின். படகுக்குப் போகும்போது ஃபினை மாட்டிக்கொள்ளலாம். படகுப் பலகையை ரெயிலுக்குக் கொண்டுபோக வழியில்லை. இன்னும் குழப்பமாக இருந்தால், கேபிள் பார்க்கில் விறைப்பான ஒன்றையும் வளையும் ஒன்றையும் ஒரே நாளில் வாடகைக்கு எடுத்து, ஒரே மூலையில் இரண்டையும் திருப்பிப் பாருங்கள். வேறு வேறு நாளில் செய்தால் காற்று மாறியிருக்கும், ஒப்பிட முடியாது.