ஒன்பதாவது வளைவில் அவிழ்த்துக் கட்டிய குழந்தை சீட்

பொள்ளாச்சியில் 27 வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நான். இஞ்சினை இறக்கி ஏற்றுகிறவனுக்கு ஒரு பிளாஸ்டிக் சீட்டைக் கட்டத் தெரியாதா என்ற நினைப்பு. பேரனுக்கு மகள் வாங்கி வந்த சீட்டை, மேனுவலைப் பிரிக்காமலே காரில் மாட்டிவிட்டேன். ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறினோம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவதிலேயே சீட் கதவுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உள்ளே பத்து மாதப் பிள்ளை. பக்கத்தில் இருந்த மகள் சீட்டை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடியே வந்தாள். பதறாமல் வண்டியை ஓரங்கட்ட எனக்கு இடம் கிடைத்தது ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை கீழே தெரியுமே, அந்த லோம்ஸ் வியூ பாயிண்டில்.

"அதைக் கழட்டி டிக்கில போடுங்க. எம் மடில வெச்சுக்கறேன். இவன் அம்மாளை மடில வெச்சுத்தான வளத்தோம்?" என்றாள் வீட்டுக்காரி.

அவள் கேட்டதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தவன். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உள்ளே இருக்கும் எல்லாமே தன் எடையைப் போல 14 மடங்கு கனத்தோடு முன்னால் பாயும். பேரன் அப்போது ஒன்பது கிலோ. 14 மடங்கு என்றால் ஏறக்குறைய 125 கிலோ, இரண்டரை மூட்டை சிமெண்ட். எந்தப் பாட்டியின் கை அதைத் தாங்கும்? பாட்டியும் பெல்ட் போடாமல் இருந்தால் அவள் எடையும் சேர்ந்து பிள்ளை மேல்தான் விழும்.

மாப்பிள்ளைதான் சீட்டின் அடியிலிருந்து மேனுவலை உருவினார். "மாமா, இங்க நீலக் கலர்ல ஒரு வழி, சிவப்புல ஒரு வழி போட்டிருக்கு. நீங்க சிவப்புல விட்டிருக்கீங்க" என்றார். அதுதான் விஷயம். குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தால் பெல்ட் நீல வழியில் போகவேண்டும், முன்பக்கம் பார்த்தால் சிவப்பு. ஒரே சீட் இரண்டு விதமாகவும் வேலை செய்யும் என்பதால் இரண்டு வழியும் அதிலேயே இருக்கும். கையை விட்டால் இரண்டிலும் பெல்ட் நுழையும், பக்கிளும் க்ளிக் என்று மாட்டும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். இத்தனை வருடம் டார்க் ரெஞ்ச் பிடித்த நான் கண்ணை நம்பி ஏமாந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு தெரு முழுக்க, சொந்தபந்தம் முழுக்க, நிறைய சீட்டுகளை அவிழ்த்துக் கட்டியிருக்கிறேன். நான் கட்டும் முறையைச் சொல்கிறேன். உங்கள் சீட்டின் மேனுவலும் காரின் மேனுவலும் பக்கத்தில் இருக்கட்டும். நான் சொல்வதும் அதில் இருப்பதும் முரண்பட்டால் மேனுவல் சொல்வதைச் செய்யுங்கள்.

முதலில் எந்தப் பக்கம் பார்த்து வைப்பது. கைக்குழந்தைக்குத் தலை பெரிது, உடம்பு நீளத்தில் கால்வாசி தலைதான். கழுத்தெலும்பு இன்னும் முற்றியிருக்காது. முன்பக்கம் பார்த்து உட்கார வைத்து வண்டி மோதினால் உடம்பைச் சீட்டோடு வரும் வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பிடுங்கும். பின்பக்கம் பார்த்து வைத்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாகத் தாங்கும். ஐரோப்பாவின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்துத்தான் என்கிறது. என்னைக் கேட்டால் 15 மாதத்தில் திருப்பவும் அவசரம் வேண்டாம். அந்த நிலைக்குச் சீட்டில் எழுதியிருக்கும் எடையும் உயரமும் தாண்டும் வரை அப்படியே விடுங்கள். "காலை மடக்கி வெச்சிருக்கான், பாவம்" என்று கேட்காத ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை. பிள்ளைகள் வீட்டில் சம்மணம் போடுவதில்லையா? கால் மடங்குவதில் ஒன்றும் கெடாது.

எங்கே வைப்பது? பின் சீட்டில். முன் சீட்டில் ஏர்பேக் இருந்தால், பின்பக்கம் பார்க்கும் சீட்டை அங்கே வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் இடத்தில்தான் சீட்டின் ஓடு இருக்கும், அதன் உள்பக்கம் பிள்ளையின் தலை. சன்வைசரில் சிவப்புக் கோடு போட்ட படத்தோடு எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள், ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பின் சீட்டில் நடுவிடம் பாதுகாப்பானதுதான். ஆனால் அங்கே தோள் பெல்ட் உள்ள மூன்று முனை பெல்ட் இருந்தால், சீட் சமமாக உட்கார்ந்தால் மட்டும். பழைய வண்டிகளில் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். நான் பெரும்பாலும் இடது பக்கம் கட்டுகிறேன், நம் ஊரில் அது ரோட்டோரப் பக்கம். லாரி உரசிப்போகும் பக்கம் நின்று பிள்ளையை ஏற்றி இறக்க வேண்டியதில்லை.

இனி கட்டுவது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டாம் முறை என் ஒர்க்‌ஷாப் சரிவிலேயே வண்டியை வைத்துச் சாய்மானம் பார்த்தேன். கொத்தனார் ரசமட்டம் வைப்பது போல, சீட்டின் பக்கவாட்டில் உள்ள கோடு தரைக்கு நேராக வரவேண்டும். அல்லது அதிலுள்ள குமிழி குறிக்குள் நிற்கவேண்டும். சரிவில் பார்த்தால் அது எப்படிச் சரியாக இருக்கும்? பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 45 டிகிரிச் சாய்வு தேவை. ரொம்ப நிமிர்ந்திருந்தால் தூங்கும்போது தலை நெஞ்சின் மேல் விழுந்து மூச்சு அடைபடும். ரொம்பச் சாய்ந்தால் மோதும்போது சீட் பிடிப்பு தராது. கழுத்து நின்ற பிள்ளைக்குக் கொஞ்சம் நிமிர்த்தலாம், எவ்வளவு என்று சீட்டிலேயே குறி இருக்கும்.

பின்பக்கம் பார்த்துச் சீட்டை வைத்தபின் இடுப்பு பெல்ட்டை நீல வழியில் விடுங்கள். தோள் பெல்ட் சில சீட்டில் அதே வழியில் போகும், சில சீட்டில் ஓட்டின் பின்புறம் சுற்றி வரும், படத்தைப் பாருங்கள். பெல்ட் எங்கும் முறுக்கிக்கொள்ளக் கூடாது, முறுக்கிய இடத்தில் அகலம் போய் கயிறாகிவிடும். பக்கிளை மாட்டுங்கள். பெல்ட் எட்டவில்லை என்றால் அந்தச் சீட் அந்த வண்டிக்குச் சேராது. கடையில் விற்கும் பெல்ட் நீட்டிப்பை வாங்கி ஒட்டுப்போடாதீர்கள்.

இறுக்குவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பெல்ட்டை இழுத்தால் இறுகாது. ஒரு முட்டியைச் சீட்டுக்குள் ஊன்றி உடம்பு எடையைக் கொடுங்கள், மெத்தை அமுங்கட்டும். அமுங்கியபடியே இடுப்பு பெல்ட்டின் தளர்ச்சியைத் தோள் பெல்ட் பக்கம் இழுத்து, மேலே சுருளுக்குள் ஏற்றுங்கள். நம் வண்டிகளின் பின் சீட் பெல்ட் பெரும்பாலும் திடீரென்று வெட்டி இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் நூல்கண்டு போல வந்துகொண்டே இருக்கும். அதனால் சீட்டில் பெல்ட்டைக் கவ்வும் கிளிப் கொடுத்திருந்தால் அதைப் பூட்டாமல் விடாதீர்கள். சில சீட்டில் அது முன்பக்கம் பார்க்கும் நிலைக்கு மட்டும்தான், அதையும் மேனுவலில் பாருங்கள். பக்கிள் சீட்டின் விளிம்பில் ஏறி நெளிந்து உட்கார்ந்திருந்தால் அதையும் சரிசெய்யவேண்டும், இல்லையென்றால் அடி விழும்போது பக்கிள் அந்த விளிம்பில் உடையலாம்.

இப்போது ஆட்டிப் பாருங்கள். பெல்ட் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், பழக்கமில்லாத கையால் பிடித்து, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்குமேல் நகரக் கூடாது. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிவிட்டு "ஆடுதுங்க" என்று போன் பண்ணுகிறார்கள். பின்பக்கம் பார்க்கும் சீட்டின் தலைப்பக்கம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அங்கே பார்க்கவேண்டாம். வலுவான கையால் மூர்க்கமாக ஆட்டினால் கட்டிய சீட்டும் ஆடும், அதற்குத்தான் இடது கை.

மாப்பிள்ளையின் புது வண்டியில் இந்தப் போராட்டம் பாதிதான், பெல்ட்டுக்குப் பதில் கொக்கியால் சீட்டை மாட்டும் ஐசோபிக்ஸ் இருக்கிறது. பின் சீட்டின் மெத்தையும் முதுகும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு சின்ன இரும்புக் கம்பி தட்டுப்படும். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் கனம், ஒன்றுக்கொன்று 28 சென்டிமீட்டர் இடைவெளி. எந்தக் கம்பெனி வண்டியானாலும் அளவு அதேதான். சீட்டின் இரண்டு கொக்கியும் அதில் கடிக்கவேண்டும். இரண்டு க்ளிக் கேட்கவேண்டும், இரண்டு பக்கமும் சிவப்பு போய்ப் பச்சை வரவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பச்சை வந்தால் அது மாட்டியதாகாது. பிறகு சீட்டை முதுகோடு ஒட்டித் தள்ளுங்கள்.

அதோடு முடியாது. மூன்றாவது பிடி ஒன்று உண்டு. ஒன்று தரையில் ஊன்றும் கால், இல்லையென்றால் மேல்வார் என்கிற டாப் டெதர். ஊன்றுகால் தரையில் உறுதியாகப் படவேண்டும், தொங்கக் கூடாது, சீட்டைத் தூக்கவும் கூடாது. காலடியில் மூடிபோட்ட பெட்டி உள்ள வண்டியில் அது மூடியின் மேல் நிற்கக்கூடாது, மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடும். மேல்வார் பெரும்பாலும் முன்பக்கம் பார்க்கும் சீட்டுக்கு. அதை மாட்டும் வளையம் பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால், டிக்கி பக்கத்தில் இருக்கும். பை மாட்டும் கொக்கியையும் அதையும் குழப்பிக்கொள்கிறார்கள். என் தம்பி மகன் மூன்று மாதம் மேல்வாரை டிக்கிக் கொக்கியில்தான் மாட்டி ஓட்டியிருக்கிறான். அந்தக் கொக்கி காய்கறிப் பைக்கு வைத்தது. காரின் மேனுவலில் நங்கூரம் படம் போட்டிருக்கும் இடம்தான் சரியான வளையம். இன்னொன்று, இடது வலது சீட்டுகளில் இருந்து ஒவ்வொரு கம்பியைக் கடன் வாங்கி நடுவில் சீட் மாட்டும் புத்திசாலித்தனம் வேண்டாம். ஐசோபிக்ஸும் பெல்ட்டும் சேர்த்துக் கட்டினால் இரட்டைப் பாதுகாப்பு என்பதும் மேனுவல் சொன்னால் தவிர சரியில்லை.

சீட் நின்றாயிற்று, இனிப் பிள்ளை. பின்பக்கம் பார்க்கும்போது தோள் வார் பிள்ளையின் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழிருந்து வரவேண்டும். முன்பக்கம் பார்க்கும்போது தோளுக்குச் சமமாக அல்லது சற்று மேலிருந்து. வாரை இறுக்கியபின் தோள் எலும்புக்கு மேல் வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் தளர்ச்சி இருக்கிறது. விரல் வழுக்கினால் சரி. வால்பாறைக் குளிருக்கு என் வீட்டுக்காரி பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு அதன் மேல் வாரைக் கட்டினாள். கம்பளி அமுங்கும் அளவுக்கு வார் தளரும். வாரை உடம்போடு கட்டிவிட்டு ஸ்வெட்டரையோ போர்வையையோ மேலே போர்த்துங்கள். விசேஷத்துக்குப் போகும்போது போடும் பஞ்சு வைத்த பட்டுப்பாவாடைக்கும் இதேதான்.

சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் பக்கிளின் இரும்பு தோசைக்கல் மாதிரி சுடும். சீட்டின் மேல் வெள்ளைத் துண்டைப் போட்டு மூடி வையுங்கள். பிள்ளையை உட்கார வைக்கும் முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. விலையைப் பார்க்கும் முன் லேபிளைப் பாருங்கள். ஆர்44/04 அல்லது ஆர்129 என்றும், வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து ஈயும் ஒரு எண்ணும் இருக்கும். நம் நாட்டுத் தரம் ஏஐஎஸ்-072. இது எதுவும் இல்லாமல் துணியில் பெல்ட் தைத்து "கார் சீட்" என்று விற்பது வெறும் துணிதான். தெரியாதவர்களிடம் பழைய சீட் வாங்காதீர்கள், அது ஒரு விபத்தைப் பார்த்திருக்கிறதா என்று வெளியே தெரியாது. 2019 சட்டத் திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி 14 வயதுக்குக் கீழான பிள்ளையை பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். உக்கடத்தில் போலீஸ் நிறுத்துவார் என்பதற்காகக் கட்டுகிறவர்கள் கட்டட்டும். அவர்கள் பிள்ளையும் பத்திரமாகப் போகட்டும்.

அன்று லோம்ஸ் வியூவில் அவிழ்த்துக் கட்ட எனக்கு 40 நிமிடம் ஆனது. வீட்டுக்காரி பேரனை இடுப்பில் வைத்து வரையாடு காட்டிக்கொண்டு நின்றாள். மீதி 31 வளைவிலும் சீட் அசையவில்லை. அவன் தூங்கிவிட்டான்.

இப்போது அவனுக்கு நான்கு வயது, 17 கிலோ. அவன் சீட்டின் வரம்பு 18 கிலோ, ஆகவே ஆடிக்குள் பூஸ்டர், அதாவது பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட், வாங்கியாகவேண்டும். அதில் சீட்டின் வார் கிடையாது, காரின் பெல்ட்தான் பிள்ளையைப் பிடிக்கும். இடுப்பு பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிகிறதா, தோள் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோள் நடுவில் போகிறதா என்று பார்க்கவேண்டும். கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எங்கள் காரில் உட்கார வைத்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதாக இல்லை.